கரிமச் சூரிய மின்கலத்தை வளைத்தால் அடுக்குகள் உரிந்து வருவது ஏன்?

பத்து முறை வளைத்ததுமே வெள்ளி மின்முனை உரிந்துவிடுகிறது, வளைவின் ஆரத்தைக் கூட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் எந்த இடத்தில் பிரிகிறது என்று கண்டுபிடியுங்கள்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது நானும் பல மாதங்கள் வெள்ளியைத்தான் சந்தேகித்தேன். வெள்ளி மையை மாற்றினேன், உலர்த்தும் நேரத்தை மாற்றினேன்; எதுவும் பலிக்கவில்லை. ஒருநாள் உரிந்து வந்த துண்டைத் திருப்பிப்போட்டு, அதன் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். உடனே பரவியது. பிளாஸ்டிக் தாளில் தங்கிய பகுதியிலோ சொட்டு முத்தாக நின்றது. வெள்ளி, தனக்குக் கீழே இருந்த பெடாட்:பிஎஸ்எஸ் என்ற மின்கடத்தும் பாலிமர் அடுக்கை விடவே இல்லை. அதையும் பெயர்த்துக்கொண்டுதான் வந்திருந்தது. பிளவு அதற்கும் கீழே, ஒளியை உறிஞ்சும் பி3எச்டி–பிசிபிஎம் அடுக்கின் மேற்பரப்பில்.

காரணம் எளிது. பெடாட் தண்ணீரில் கலந்து வரும் மை. கீழே இருப்பதோ தண்ணீரை ஏற்காத பரப்பு. ஐசோபுரொப்பனால் என்ற ஆல்கஹாலைக் கலந்தால் மை பரவிவிடும். பரவியதாலேயே பற்றிக்கொண்டது என்று நம்பிவிடாதீர்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் டாஸ்கார்ட் குழு, உருளையிலிருந்து உருளைக்கு ஓடும் தாளில் அச்சிட்ட இத்தகைய மின்கலங்களைப் பிரித்து அளந்து, 2012இல் வெளியிட்ட முடிவும் இதே இடத்தைத்தான் மிகப் பலவீனமானது என்றது. பெடாட் பூசிய பிறகு சூடேற்றினால் இரு அடுக்குகளின் மூலக்கூறுகளும் எல்லையில் சற்றே கலந்து பிடிப்பு கூடும் என்பதையும் அவர்கள் பின்னர் காட்டினார்கள். நீங்கள் சூடேற்றுவது பெடாட்டுக்கு முன்பா, பின்பா? முன்பே சூடேற்றியதுதான் என் தவறு. அடியில் இருப்பது பெட் (PET) பிளாஸ்டிக் தாள் என்றால் 140 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம்; தாள் சுருங்கினால் எல்லாம் வீண்.

இனி ஆரம். 100 மைக்ரோமீட்டர் தாளை 5 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் வெளிப்பரப்பு 1 சதவீதம் நீளும். தாளின் மேல் ஒளி ஊடுருவும் மின்முனையாக இருக்கும் ஐடிஓ பூச்சு விரிசல் விடத் தொடங்குவதும் ஏறத்தாழ அங்கேதான். மேலே அதே தடிமனில் இன்னொரு தாளை ஒட்டிவிடுங்கள். அடுக்குகள் நடுவில் அமைந்துவிடுவதால் இழுவிசை பெரும்பாலும் அவற்றை எட்டாது.

சொட்டுச் சோதனையில் இரண்டு பக்கமும் தண்ணீர் பரவினால், பெடாட் அடுக்கே உள்ளுக்குள் கிழிகிறது என்று பொருள். அதில் உள்ள பிஎஸ்எஸ் காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகும். அப்படியானால் மாதிரிகளைத் திறந்த மேசையில் இரவு முழுவதும் விட்டுவைக்காமல், அன்றே உலர்த்தி மூடிவிட்டு மறுபடி வளைத்துப் பாருங்கள்.