சேமநிதியை எடுத்து ஆடு வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 51. நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை. ஊழியர் சேமநிதியின் செஜாத்தெரா கணக்கில் 40,000 ரிங்கிட் இருக்கிறது. அதை எடுத்து டோர்பர் இனச் செம்மறி வாங்கி, வருகிற ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விற்க நினைக்கிறேன். 19 வயது மகன் கால்நடைப் பயிற்சிக்குப் போகக் கேட்கிறான். எது முதலில்?
(பினாங்கு வாசகர்)

பதில்: மகனை முதலில் அனுப்புங்கள், ஐயா.

50 வயதானதும் அந்தக் கணக்கை எடுக்கலாம், தடையில்லை. ஆனால் நாள்காட்டியைப் பாருங்கள். செம்மறிக்குச் சினைக்காலம் 5 மாதம். குர்பானிக்கு, அதாவது பெருநாள் பலிக்கு, பொதுவாக ஒரு வயது நிரம்பிய ஆட்டைத்தான் கேட்பார்கள். இன்று கிடா சேர்த்தாலும் உங்கள் பட்டியில் பிறந்த முதல் ஆடு விலைக்கு வர ஏறக்குறைய ஒன்றரை வருடம். அதுவரை தீவனம், மருந்து, கொட்டகைச் செலவு எந்தப் பணத்தில்? எல்லாப் பணமும் ஆடாக நின்றால், வீட்டில் ஓர் அவசரம் வரும்போது வாங்குகிறவர் சொன்ன விலைக்குத் தாயாட்டையே விற்க நேரும்.

எனக்கு இன்னும் பெரிய கவலை தீவனத்தில்தான். உங்கள் பக்கம் சுலபமாகக் கிடைப்பது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. மாடு தாங்கும், செம்மறி தாங்காது. அதிலுள்ள செம்புச்சத்து ஈரலில் மாதக்கணக்காகச் சேரும், வெளியே ஒன்றும் தெரியாது, திடீரென்று ஆடு சாயும். நம் மழைக்கு இரத்தம் உறிஞ்சும் வயிற்றுப் புழுவும் உண்டு; கீழிமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெளுத்திருக்கும். மகன் கற்று வரவேண்டியது இதைத்தான்.

ஜொகூர் குளுவாங்கில் கால்நடைச் சேவைத் துறையின் பயிற்சிக் கழகம் இருக்கிறது, விசாரியுங்கள். வேறு இடமென்றால் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம். கிடைக்குமா என்று கேளுங்கள். கட்டணம் இடித்தால் பி.டி.பி.கே. எனும் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் கடனுதவி உண்டு. அந்தச் சான்றிதழ் இருந்தால் பிறர் பண்ணையிலும் அவன் வேலை கேட்கலாம்.

அவன் படித்து முடித்ததும் 6 பெட்டை, 1 கிடாவோடு தொடங்குங்கள். கொட்டகையோடு சேர்த்து 10,000 ரிங்கிட்டைத் தாண்டாதீர்கள். தேவைக்கு மட்டும் எடுக்கும் வழியைச் சேமநிதிக் கிளையில் கேளுங்கள். மீதி அங்கேயே இருக்கட்டும். 2024-க்கு அவர்கள் தந்த ஈவு 6.3 விழுக்காடு. 30,000-க்கு அது 1,890 ரிங்கிட்.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: மேய்ச்சல் எங்கே? செம்பனைக்கு அடியில் என்றால் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை ஓர் ஆட்டுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.