மூன்று நாள் மாத்திரை எடுத்தும் காய்ச்சல் விடவில்லை என்றால்

அப்பாவுக்கு ஃப்ளூ உறுதியாகி, ஓசல்டாமிவிர் என்ற ஃப்ளூ வைரஸ் மருந்தைத் தொடங்கி மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. வைரஸ் மருந்தை எதிர்க்கிறதா, அளவை இரட்டிப்பாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களாக அளவைக் கூட்ட வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

இந்த மருந்து வைரஸை நேரடியாகக் கொல்வதில்லை. புது வைரஸ்கள் செல்லிலிருந்து கழன்று போக உதவும் நியூராமினிடேஸ் நொதியை அடைக்கிறது, அவ்வளவுதான். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினாலே நோய்க்காலம் சுமார் ஒரு நாள்தான் குறையும். அதனால் மூன்றாம் நாள் காய்ச்சல் இருப்பதை மட்டும் வைத்து எதிர்ப்பு என்று சொல்ல முடியாது.

எதிர்ப்பு வரவே வராது என்றும் சொல்லமாட்டேன். எச்1என்1 என்ற ஃப்ளூ வகை வைரஸின் அந்த நொதியில் 275ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் போய் டைரோசின் என்ற இன்னொன்று வந்தால் போதும், மருந்து சரியாக ஒட்டாது. 2007-08இல் பருவகால எச்1என்1 இப்படி மாறி, மருந்தே எடுக்காதவர்களிடமும் பரவியது. 2009இல் வந்த புதிய எச்1என்1 அதன் இடத்தைப் பிடித்தது. அதில் பெரும்பாலானவற்றுக்கு ஓசல்டாமிவிர் வேலை செய்தது. இந்த மாற்றம் உள்ள வைரஸும் சனாமிவிர் என்ற இன்னொரு ஃப்ளூ மருந்துக்குப் பொதுவாகக் கட்டுப்படும்.

அப்பா ஸ்டீராய்டு எடுப்பதாக எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை. ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கக்கூடும். அப்படிக் குறைந்தவர்களிடம் வைரஸ் நெடுநாள் பெருகும், சிகிச்சையின் நடுவிலேயே மருந்தை எதிர்க்கும்படி அது மாறவும் கூடும். பாக்டீரியா நிமோனியா சேர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. இன்றே மருத்துவரிடம் காட்டி, ஸ்டீராய்டு விஷயத்தை முதலில் சொல்லுங்கள். மூச்சுத் திணறலோ குழப்பமோ இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.