வேன் பணத்தில் கட்டிய கட்டடம்

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பகல்நேரப் பள்ளி நடத்தும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. நான் செயலாளர். 2021-ல் மத்திய அமைச்சகம் ஒன்று ரூ.18,40,000 மானியம் கொடுத்தது, அதில் 6 லட்சம் வேன் வாங்க. அந்த நேரம் பார்த்து உள்ளூர் வியாபாரி ஒருவர் தன் வேனையே பள்ளிக்குக் கொடுத்துவிட்டார். அதனால் அந்த 6 லட்சத்தில் குழந்தைகளுக்குக் கழிப்பறை, சாய்தளம், ஒரு சிகிச்சை அறை கட்டினோம். அதுவும் எங்கள் சொந்த இடத்தில், ஒரு பைசா வாடகை வாங்காமல். இப்போது ஆய்வுக்கு வந்தவர்கள் வேன் எங்கே என்று கேட்டு, 6 லட்சத்தை 10 சதவீத வட்டியோடு கட்டச் சொல்லி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டாம் தவணையை 11 மாதம் இழுத்தடித்தவர்கள் அவர்கள். ஆய்வுக்கு வந்தவர் எங்களைத் திருடர்கள் மாதிரி நடத்தினார். போனில் கேட்டபோது ஓர் அதிகாரி 'கட்டிக்கோங்க, பிரச்சினை இல்லை' என்றார். பொருளாளர் 2023-ல் விலகிவிட்டார். அந்த நோட்டீஸை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் நிற்குமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதம் ஏழு பக்கம். அதில் ஐந்தரைப் பக்கம் அந்த ஆய்வு அதிகாரி பேசிய விதத்தைப் பற்றியது. அவர் பேசியது தப்புதான், ஆனால் அதற்கு இந்த வழக்கில் ஒரு மதிப்பும் இல்லை. தவணை தாமதமானதற்கும் இல்லை. பக்கத்து ஊர் அறக்கட்டளைக்குக் கேள்வியே கேட்காமல் பணம் போனதற்கும் இல்லை. நீங்கள் பணத்தைத் தின்றீர்களா என்றுகூட இப்போதைக்கு யாரும் கேட்கவில்லை. கேட்பது ஒன்றே ஒன்று: வேன் தலைப்பில் வந்த பணத்தைக் கட்டடத்துக்கு மாற்ற முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா? வாங்கவில்லை. போனில் சொன்னது அனுமதி ஆகாது, சொன்னவர் நாளைக்கு நான் சொல்லவே இல்லை என்பார், இல்லை ஓய்வு பெற்றிருப்பார்.

மானியம் வழங்கிய அனுமதி ஆணையின் நகலை இணைத்திருக்கிறீர்கள், நல்லது. முதல் பக்கத்தில் தொகைக்குக் கீழே மஞ்சள் மையில் கோடு போட்டிருக்கிறீர்கள். எல்லாரும் அந்தப் பக்கத்தைத்தான் ஃபிரேம் போட்டு மாட்டாத குறையாக வைத்திருப்பார்கள். என் கண் போனது நாலாவது பக்கத்துக்கு. எந்த நோக்கத்துக்குத் தந்தோமோ அதற்கு மட்டுமே செலவழிக்க வேண்டும், மானியத்தில் வாங்கிய சொத்தை முன் அனுமதி இல்லாமல் விற்கவோ வேறு வேலைக்குப் பயன்படுத்தவோ கூடாது, கணக்குகள் தணிக்கைக்குத் திறந்திருக்க வேண்டும், வட்டி வருமானத்தை அரசுக்கே கட்ட வேண்டும் என்று வரிசையாக இருக்கிறதே, அது அந்த அமைச்சகம் உங்களுக்கென்று கண்டுபிடித்தது இல்லை. 2017-ம் ஆண்டு பொது நிதி விதிகளின் ஒன்பதாம் அத்தியாயம், 228-வது விதியிலிருந்து தொடங்குகிறது, மத்திய அரசு யாருக்கு மானியம் தந்தாலும் இதுதான். அதனால் 'எங்களுக்கு யாரும் சொல்லவில்லை' என்ற வாதம் எடுபடாது. ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் முத்திரை இருக்கிறது.

அப்புறம் அந்த வட்டி. மானியப் பணம் சேமிப்புக் கணக்கில் இருந்தபோது வந்த 38,000 ரூபாயில் பிள்ளைகளுக்குப் பொங்கல் துணி எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். மனசு நல்ல மனசு. ஆனால் அந்தப் பணம் உங்களுடையது இல்லை, கணக்கு முடிந்தவுடன் இந்தியத் தொகுப்பு நிதியில், அதாவது மத்திய அரசின் கஜானாவில், கட்டியிருக்க வேண்டியது. நோட்டீஸில் இது இல்லை என்று சந்தோஷப்பட வேண்டாம், இன்னும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் பணம் சம்பந்தப்பட்டது. கட்டினால் தீரும். என்னைப் பயமுறுத்தியது நீங்கள் கடைசி பக்கத்தில் போகிறபோக்கில் எழுதிய வரி: 'ஆடிட்டர் சொன்னபடி பயன்பாட்டுச் சான்றிதழும் கொடுத்துவிட்டோம்.'

என்ன கொடுத்தீர்கள் என்று அந்தச் சான்றிதழைப் பார்த்தேன். அதே பொது நிதி விதிகளின் 12-ஏ படிவம். 18,40,000 ரூபாயும் எந்த நோக்கத்துக்காக அனுமதிக்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்கே செலவழிக்கப்பட்டது என்று நீங்களும் பொருளாளரும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், 2022 ஆகஸ்டில். வேன் வாங்கவில்லை என்பது அன்றைக்கே உங்கள் இருவருக்கும் தெரியும். மானியத்தைத் தலைப்பு மாற்றிச் செலவழித்தது நிபந்தனை மீறல், சிவில் சங்கதி. செலவழிக்காததைச் செலவழித்தேன் என்று எழுதிக்கொடுத்து, அதைக் காட்டி இரண்டாம் தவணையும் வாங்கியது வேறு சங்கதி. மோசடி, நம்பிக்கை மோசடி என்று ஒரு புகார் கொடுக்க அந்த ஒரு தாள் போதும். 2022-ல் நடந்தது என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 406, 420 பிரிவுகள் வரும். 'படிவத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது, நாங்கள் கையெழுத்துதான் போட்டோம்' என்று என்னிடம் சொல்லாத நிர்வாகியே இல்லை. அச்சடித்தது யாராக இருந்தாலும் கையெழுத்து உங்களுடையது.

ஆனால் இதைவிட மோசமான ஒன்று இனிமேல்தான் நடக்கும், அதைத் தடுக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நோட்டீஸ் வந்த பதற்றத்தில் யாராவது ஒருவர் உங்களுக்கு யோசனை சொல்வார். வேன் வாங்கியதாக ஒரு பில் ஏற்பாடு செய்துகொள்ளலாம், அல்லது 2021-ம் தேதியிட்டு ஒரு தீர்மானம் எழுதி மினிட் புத்தகத்தில் ஒட்டிவிடலாம், அல்லது அந்த வியாபாரி கொடுத்த வேனையே 6 லட்சத்துக்கு விலைக்கு வாங்கியதாகக் காட்டலாம். தயவுசெய்து அந்த ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள். வழக்கறிஞராக நான் பார்த்த கட்சிக்காரர் ஒருவர், அவரும் இதே மாதிரி ஓர் இல்லம் நடத்தியவர், திரும்பக் கட்ட வேண்டிய தொகை நாலு லட்சத்துக்கும் கீழே. பேசி முடித்திருக்கலாம். அதற்குள் மைத்துனர் பேச்சைக் கேட்டு வாகன பில் ஒன்றைத் தயார்செய்து பதிலோடு அனுப்பிவிட்டார். வண்டி நம்பரைப் போட்டால் யார் பெயரில், எந்தத் தேதியில் பதிவானது என்று போக்குவரத்துத் துறையின் வாகன் தளத்தில் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நாலு லட்சத்துப் பிரச்சினை போலி ஆவண வழக்காக மாறி, முன்ஜாமீனுக்காக என்னிடம் வந்தார். பழைய தேதி போடுவதும் இப்போது நடக்காது. ஆடிட்டர் தரும் சான்றிதழ்களுக்கு 2019 முதல் யுடிஐஎன் என்ற எண் கட்டாயம், அந்த எண் எந்த நாளில் எடுக்கப்பட்டது என்பது அவர்கள் சங்கத்தின் தளத்திலேயே இருக்கும். 2022 கையெழுத்துக்காவது 'விதி புரியவில்லை' என்று சொல்ல இடம் இருக்கிறது. இன்றைக்கு ஒரு பொய்த் தாள் தயாரித்தால் அதற்கு எந்த விளக்கமும் கிடையாது, வழக்கும் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழே புதிதாக ஒன்று வரும்.

அடுத்தது, நீங்கள் பெருமையாக எழுதிய அந்த 'சொந்த இடம்'. பட்டா நகலைப் பார்த்தால் அறக்கட்டளை பெயரில் இல்லை, உங்கள் கணவர் பெயரில் இருக்கிறது. வாடகை வாங்கவில்லை என்பதை நீங்கள் தியாகமாகப் பார்க்கிறீர்கள், தணிக்கைக்காரர் எப்படிப் பார்ப்பார் தெரியுமா? அரசு மானியம் 6 லட்சம், செயலாளரின் கணவர் நிலத்தில் கட்டடமாக நிற்கிறது. அவ்வளவுதான் அவருடைய குறிப்பில் இருக்கும். கழிப்பறையில் குழந்தைகள் போய்வருவது அந்தக் குறிப்பில் வராது. வருமான வரித்துறையும் இதே கண்ணாடியைத்தான் போட்டுக்கொள்ளும், அறக்கட்டளைப் பணத்தின் பயன் நிர்வாகியின் குடும்பத்துக்குப் போனால் வரிவிலக்குக்கே ஆபத்து. இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது: கணவர் அந்தப் பகுதியை அறக்கட்டளைக்குத் தானமாகவோ நீண்டகாலக் குத்தகையாகவோ பதிவுசெய்து கொடுக்கட்டும். இன்றைய தேதியில், இன்றைய தேதியில் மட்டும். நோட்டீஸுக்குப் பிறகு செய்ததாகத் தெரியுமே என்றால், தெரியட்டும். உண்மையான தேதியோடு தாமதமாகச் செய்ததை நான் நியாயப்படுத்தலாம், பொய்த் தேதியை முடியாது.

பொருளாளர் விலகியதால் அவர் தப்பித்துவிட்டார் என்ற உங்கள் கோபமும், அவர் விலகியதால் உங்கள் பாரம் கூடிவிட்டது என்ற பயமும் இரண்டுமே தப்பு. மானியம் வாங்கும்போது முத்திரைத்தாளில் ஒரு பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்தீர்கள். யாருக்கு? இந்தியக் குடியரசுத் தலைவருக்கு. அதில் நிர்வாகக் குழுவில் கையெழுத்துப் போட்ட எல்லாரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு, நிபந்தனை மீறினால் மானியத்தை 10 சதவீத வட்டியோடு திருப்பித் தருவோம் என்று இருக்கிறது. பொதுவாக எல்லாரும் இதை அறக்கட்டளையின் கடன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தனித்தனியாக என்றால், அரசு நினைத்தால் மொத்தத் தொகையையும் உங்கள் ஒருவரிடமே, உங்கள் சொந்தச் சொத்திலிருந்தே வசூலிக்கலாம், நீங்கள் அப்புறம் மற்றவர்களிடம் பங்கு கேட்டு அலைய வேண்டும். பதவி விலகல் கடிதம் அந்தக் கையெழுத்தை அழிக்காது. பொருளாளரை எதிரியாக்காமல் கூட உட்கார வையுங்கள், அவருக்கும் உங்கள் அளவுக்குப் பயப்படக் காரணம் இருக்கிறது.

இழுத்தடித்தால் காலாவதியாகிவிடும் என்று உங்கள் உறவினர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருஷக் கணக்கு நமக்குத்தான். அரசு போடும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டத்தின் 112-வது இனப்படி 30 வருஷம். 10 சதவீதம் ஓடிக்கொண்டே இருக்கும், உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்தில்கூட அந்தக் கோப்பு உயிரோடு இருக்கும்.

ரிட் போடலாமா? போடலாம், யார் வேண்டாம் என்றது. உங்களை விசாரிக்காமல் நேரடியாக உத்தரவு போட்டிருந்தால் நானே போடச் சொல்லியிருப்பேன். ஆனால் உங்களுக்கு வந்திருப்பது விளக்கம் கேட்கும் நோட்டீஸ், 21 நாள் அவகாசம் இருக்கிறது. இந்தக் கட்டத்தில் போனால் கிடைக்கக்கூடிய அதிகபட்சம், 'மனுதாரரின் விளக்கத்தைப் பரிசீலித்து முடிவெடுங்கள்' என்ற ஒரு வரி. அதைக் கேட்காமலேயே அவர்கள் செய்யத்தான் போகிறார்கள். அதற்குப் பதில் ரிட் மனுவுக்கான சத்தியக் கடிதாசியில், அதாவது அஃபிடவிட்டில், வேன் வாங்கவில்லை என்று நீங்களே சத்தியம் செய்து கொடுத்திருப்பீர்கள், அதே சமயம் வாங்கியதாகச் சொல்லும் சான்றிதழ் எதிர்த்தரப்பு கையில். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நீதிபதி முன்னால் நிற்க எனக்கு விருப்பமில்லை.

ஆகவே சமாதானமாகப் போங்கள். பதிலில் கோபம் வேண்டாம், தவணை தாமதம் வேண்டாம், அந்த அதிகாரி பெயர் வேண்டவே வேண்டாம். ஒன்றரைப் பக்கம் போதும்: வேன் நன்கொடையாகக் கிடைத்துவிட்டது, 6 லட்சம் கழிப்பறை, சாய்தளம், சிகிச்சை அறைக்குச் செலவானது, பில்கள் இவை, புகைப்படங்கள் இவை, முன் அனுமதி வாங்காதது எங்கள் பிழை, சான்றிதழில் தலைப்பு வாரியாகக் காட்டாததும் பிழை, திருத்திய கணக்கை இத்துடன் இணைக்கிறோம். அதோடு இரண்டு வேண்டுகோள் வையுங்கள். முதலாவது, தலைப்பு மாற்றத்துக்குப் பின்னேற்பு, அதாவது செலவு முடிந்த பிறகு தரும் ஒப்புதல். அது கிடைக்கும் என்று நம்பி உட்காராதீர்கள், கேட்பதில் நஷ்டம் இல்லை என்பதால் கேளுங்கள். இரண்டாவது, அது முடியாதென்றால் அசலைத் தவணைகளில் கட்ட அனுமதி, வட்டியில் தள்ளுபடி. சுமார் நாலு வருஷக் கணக்கில் வட்டி மட்டும் 2,40,000 வருகிறது, மொத்தம் 8,40,000. நான் உங்கள் இடத்தில் இருந்தால் பதிலோடு சேர்த்து ஒரு லட்சத்தையும் அந்த 38,000 ரூபாயையும் மத்திய அரசுக்குப் பணம் கட்டும் பாரத்கோஷ் தளத்தின் வழியாகக் கட்டி ரசீதையும் இணைத்துவிடுவேன். யாரும் கேட்காத வட்டியைத் தானே கட்டினவரைக் குற்றவாளி என்று எழுத எந்த அதிகாரிக்கும் பேனா கொஞ்சம் தயங்கும். அது சட்டம் இல்லை, நான் பார்த்த அனுபவம்.

பணத்தைக் கட்டினால் குற்ற வழக்கு வரவே வராது என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது, அப்படி யாராவது எழுதிக் கொடுத்தால் அவரை நம்பாதீர்கள். ஆனால் பணம் சேர்ந்து, கட்டடம் கண்முன் நின்று, நிலமும் அறக்கட்டளை பெயருக்கு வந்துவிட்ட பிறகு போலீசுக்குப் போகும் ஆர்வம் பொதுவாகக் குறைந்துவிடும்.

பதிலை அனுப்புவதற்கு முன் உள்ளூரில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். போகும்போது பிணைப் பத்திர நகல், அனுமதி ஆணை எல்லாப் பக்கங்களோடும், கட்டட பில்கள், 2021 முதல் வங்கிப் புத்தகம் எல்லாம் எடுத்துப் போங்கள். வேன் கொடுத்த வியாபாரி அப்போது ஏதாவது கடிதம் கொடுத்திருந்தால் அதன் அசலும் வேண்டும். கொடுக்கவில்லை என்றால், இப்போது போய்ப் பழைய தேதியில் ஒன்று வாங்கிவராதீர்கள்.