இரத்தக்காட்டேரி: கேள்வியும் பதிலும்

டிராகுலா முதல் ட்வைலைட் வரை எதையும் கேட்கலாம் என்று அறிவித்ததும் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலிருந்தும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரேயொரு நிபந்தனை: படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் பற்றிச் சத்தியம் செய்யாதீர்கள்.

களுவாஞ்சிக்குடி: சேர், வெயில் பட்டால் காட்டேரி எரிந்துபோகும் என்பதுதானே பழைய நம்பிக்கை? ட்வைலைட்டில் மினுங்குகிறார்களே, இது அநியாயமில்லையா?

பழையதல்ல, தம்பி. 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவலில் டிராகுலா லண்டன் பிக்காடிலியில் பட்டப்பகலில் நின்று ஒரு பெண்ணை முறைத்துப் பார்க்கிறான். பகலில் அவனுடைய சக்தி குறையும், அவ்வளவுதான். வெயிலில் கரைந்து சாவது 1922இல் முர்னாவ் எடுத்த 'நொஸ்ஃபெராட்டு' என்ற மௌனப்படத்தின் கைவேலை. அனுமதி பெறாமல் எடுத்த படம் அது. ஸ்டோக்கரின் மனைவி வழக்காடி, பிரதிகளை அழிக்கும்படி 1925இல் தீர்ப்பு வாங்கினார். சில பிரதிகள் தப்பின. வெயில் விதியும் தப்பிவிட்டது. மினுங்கல் எனக்கும் பிடிக்காது. ஆனாலும் மரபைக் கெடுத்துவிட்டார் என்று ட்வைலைட்டை எழுதிய ஸ்டெபனி மேயரைத் திட்டுவதற்கு இந்தக் காரணம் போதாது.

ஏறாவூர்: டிராகுலா அழகனா?

நீண்ட வெள்ளை மீசை, நாறும் மூச்சு, உள்ளங்கையில் மயிர். நாவல் காட்டும் ஆள் இவன்தான். உயர்ந்த காலர் வைத்த கறுப்பு மேலங்கியை மேடை நாடகம் போட்டுவிட்டது. 1931 படத்தில் பெலா லுகோசி அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். அந்தப் படத்தில் கோரைப்பல் ஓரிடத்திலும் தெரியாது. பல்லையும் இரத்தத்தையும் வண்ணத்தில் காட்டியது 1958இல் கிறிஸ்டோபர் லீ நடித்த படம்.

வாழைச்சேனை: கழுவேற்றிய மன்னன் விளாட்தானே டிராகுலா?

ஸ்டோக்கர் எடுத்தது பெயரை. மிச்சத்தைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். நாவலைப் படியுங்கள்.

காத்தான்குடி: நம் ஊர் வௌவால் இரத்தம் குடிக்குமா?

குடிக்காது. இரத்தம் குடிக்கும் மூன்று இனங்களும் அமெரிக்கக் கண்டங்களில்தான் இருக்கின்றன. உங்கள் மாமரத்தைக் காலி செய்வது பழந்தின்னி.

பொத்துவில்: 2011இல் உடம்பெல்லாம் கிறீஸ் பூசி இரவில் பெண்களைத் தாக்குகிறது என்று நம் பக்கம் ஆட்டிப்படைத்த கிறீஸ் பூதமும் இந்த இனம்தானே?

இனத்தை விடுங்கள், பயம் பரவும் விதத்தைப் பாருங்கள். 1725இல் ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த செர்பியாவின் கிசிலோவா கிராமத்தில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது. செத்துப்போன பீட்டர் பிளகோயெவிச் இரவில் வந்து கழுத்தை நெரிப்பதாக ஊரே சொன்னது. குழியைத் தோண்டினார்கள்: உடல் அழுகவில்லை, வாயில் இரத்தம். நெஞ்சில் கழியை இறக்கி எரித்துவிட்டார்கள். பக்கத்தில் நின்று பார்த்த அதிகாரி எழுதிய அறிக்கை வியன்னாப் பத்திரிகையில் வெளியானது. பிணத்துக்குள் வாயு உப்பினால் திரவம் வாய்வழியே வரும். தோல் சுருங்கினால் நகம் வளர்ந்ததுபோலத் தெரியும். கடைசியில் 1755இல் பேரரசி மரியா தெரேசா தன் மருத்துவரைக் கேட்டுப் பிணம் தோண்டுவதையே தடைசெய்தார்.

அந்தக் காட்டேரி ஊதிப்போன குடியானவன். அவனைச் சீமானாக்கியவர் பொலிடோரி. பைரன் பிரபுவிடம் மருத்துவராக இருந்தவர். பழைய எஜமானையே அச்சாக வைத்து 1819இல் ருத்வென் பிரபு என்றொரு வசியக்காரனைப் படைத்தார். வசியம் செய்து வந்தவரைப் பாயோடு ஒட்டவைப்பவர்கள் என்று பெயரெடுத்த நமக்கு அவன் அந்நியனல்ல.

அக்கரைப்பற்று: சேர், இது சரியில்லை. எங்கள் பெண்களைப் பயமுறுத்தியது பேயல்ல, மனிதர். அதைச் செர்பியாக் கதையோடு கட்டாதீர்கள்.

சரியான கோபம். ஆனால் முடிச்சுப் போட்டவர் பொத்துவில்காரர். கிசிலோவாவில் குற்றவாளி என்று பிடிபட்டது பிணம். இங்கே பெண்கள் சொன்னது உயிருள்ள ஆட்களை.

பொத்துவில்: நான் முடிச்சுப் போடவில்லை, கேள்விதான் கேட்டேன். அக்கரைப்பற்றுக்காரர் அந்த நாட்களில் இரவில் வெளியே வந்தாரா?

அக்கரைப்பற்று: கையில் பொல்லோடு ஒழுங்கையில் விடிய விடிய காவல் நின்றேன். நீங்கள் கதவைத் திறந்தீர்களா?

இரண்டு பேரும் நிறுத்துங்கள். வீரக்கதையைத் தேநீர்க் கடையில் பேசிக்கொள்ளலாம்.

வந்தாறுமூலை: காட்டேரி என்றாலே ஆண்தானா, சேர்?

நல்ல கேள்வி, மகள். 'கார்மில்லா' 1872இல் வந்துவிட்டது, டிராகுலாவுக்கு இருபத்தைந்து வருடம் முன்பே. லெ ஃபானு எழுதியது. அதில் காட்டேரியும் பெண், அவள் விரும்பித் தேடுவதும் ஒரு பெண்ணைத்தான். கதையைச் சொல்பவள் அந்த இரையே. காட்டேரியே வாய் திறந்து தன் துயரத்தைச் சொன்னதைப் பெரும் வாசகக் கூட்டம் கேட்டது 1976இல், ஆன் ரைஸின் நாவலில். அதற்குப் பிறகு பயந்தவர்களைவிட இரக்கப்பட்டவர்கள் அதிகம். மினுங்கும் பையன் பிறந்ததும் அந்த இரக்கத்தில்தான்.

கல்முனை: காட்டேரி உண்மையில் இருக்கிறதா?

மேலே போய்க் கிசிலோவாவைப் படியுங்கள்.

செங்கலடி: டிராகுலாவை நெஞ்சில் ஆப்பு இறக்கித்தானே கொன்றார்கள்?

மறுபடியும் படம்! ஒருவன் கூர்க்காக் கத்தியால் கழுத்தை அறுக்கிறான், இன்னொருவன் நெஞ்சில் வேட்டைக்கத்தியைப் பாய்ச்சுகிறான். ஆப்பு, அவன் கடித்துக் காட்டேரியாக்கிய லூசி என்ற பெண்ணுக்கு. நாவலைப் படியுங்கள், ஐயா.

மருதமுனை: ட்வைலைட்டை எத்தனையாவது பாகத்திலிருந்து பார்க்கலாம்?

வீட்டில் பதினைந்து வயதுப் பிள்ளை இருந்தால் அதனிடம் கேளுங்கள். எனக்கு முதல் பாகமே போதுமாகிவிட்டது.