பட்டா நிலத்தில் புதையல்: நாலில் ஒரு பங்குதான் உங்களுக்கு

கேள்வி: கரூர் மாவட்டத்தில் எனக்கு மூன்று ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. கல் குவாரிக்கு விட்டிருக்கிறேன். பத்து நாளைக்கு முன் ஜேசிபி வைத்து மேல்மண்ணை வழித்தபோது ஒரு பானை உடைந்து வெள்ளிக் காசுகள் சிதறின. காசில் ஓர் ஆண் தலை, சுற்றிலும் இங்கிலீஷ் மாதிரி எழுத்து. நாற்பது காசு என்னிடம் உள்ளது. ஜேசிபி டிரைவரும் ஆட்களும் எவ்வளவு எடுத்தார்கள் என்று தெரியாது. குவாரிக்காரர் 'லீஸ் என் பேரில், காசும் எனக்குத்தான்' என்கிறார். பெரியப்பா மகனோ, 'தாத்தா புதைத்த பணம், பாதியைக் கொடு' என்கிறான். கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து விலை பேசிவிட்டுப் போனார். அதிகாரிகளிடம் சொன்னால் குவாரியை மூடிவிடுவார்களோ என்று பயம். என்ன செய்வது?

பதில்: முதலில், அந்தக் காசுகளைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். ஏற்கெனவே தேய்த்திருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடைந்த பானை ஓடுகளையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அவை ரோமானியக் காசுகளாக இருக்கலாம். எழுத்து லத்தீனாக இருக்கும். கொங்குப் பகுதிக்கு இது புதிதல்ல. கோவை வெள்ளலூரில் 1842, 1891, 1931 என மூன்று முறை ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. கரூர் அமராவதி ஆற்றிலும் கிடைத்திருக்கின்றன. ஆனால் இதை உறுதி செய்ய வேண்டியது தொல்லியல் துறை, நானல்ல.

சரி, சட்டத்துக்கு வருவோம். இதற்கு 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம்தான் பொருந்தும். மண்ணில் மறைந்திருக்கும் மதிப்புள்ள எந்தப் பொருளும் புதையல். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்து ரூபாய், இன்றும் அப்படியே நிற்கிறது! என்ன கிடைத்தது, தோராய மதிப்பு, எந்த இடம், எந்தத் தேதி ஆகிய விவரங்கள் அதில் இருக்க வேண்டும். காசுகளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது கேட்கும்போது கொண்டுவருவதற்குக் கலெக்டரிடம் பிணை கொடுக்க வேண்டும்.

இந்தக் கடமை கண்டெடுத்தவருடையது. இங்கேதான் உங்களுக்கு ஓர் அதிர்ச்சி. நிலம் உங்களுடையது என்பதால் காசு முழுக்க உங்களுடையது ஆகிவிடாது. உரிமையாளர் இல்லாத புதையல் என்று கலெக்டர் முடிவு செய்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு மீதி ஒரு பங்கு. கண்டெடுத்தவர் டிரைவரா, அவரை வேலைக்கு வைத்தவரா என்பதில் கட்டாயம் சண்டை வரும். அதைக் கலெக்டர் விசாரணையில்தான் பேச வேண்டும். குவாரிக்காரரின் லீஸ் கல்லை வெட்டி எடுக்கத்தான், பானையில் இருக்கும் காசுக்கு அல்ல. இருந்தாலும் உங்கள் பத்திரங்களை ஒருமுறை வரி விடாமல் படியுங்கள். நிலத்தை விற்றவரோ வேறு யாரோ புதையல் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டதாக எழுதியிருந்தால், சட்டத்தின் கண்ணில் அவர்தான் நிலத்துக்காரர்.

பெரியப்பா மகன் விஷயம். புதைத்தவரின் வாரிசு என்று ஒருவர் வந்தால், கண்டெடுத்த நாளுக்கு முந்தைய 100 ஆண்டுகளுக்குள் அது புதைக்கப்பட்டது என்று காட்டினால்தான் சிவில் வழக்குக்கு அவகாசம் கிடைக்கும். தாத்தா ரோமாபுரிக் காசில் சேமித்தார் என்று அவர் எப்படி நிரூபிப்பார் என்று பார்க்க எனக்கே ஆசை. பானை ஓடுகளை வைக்கச் சொன்னது இதற்கும்தான்: பானையின் காலத்தை வைத்தே அந்தக் கதையை உடைக்கலாம். ஆனால் பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்தால் அவர் வேறு வழியில் உள்ளே வருவார். நிலத்துக்காரருக்குரிய கால் பங்கில் அவருக்கும் பாத்தியதை உண்டு.

கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு தேதியில் உரிமை கோருபவர்களை அழைப்பார். அன்று போகாவிட்டால் உரிமை போய்விடும். அரசு காசுகளைத் தானே எடுத்துக்கொள்ளவும் முடியும். அப்போது அந்த உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துத் தருவார்கள். சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையை இங்கே எதிர்பார்க்காதீர்கள். சட்டம் இந்த இடத்தில் கஞ்சத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

அதற்காகக் கோயம்புத்தூர்க்காரரிடம் போய்விடாதீர்கள். நூறு ஆண்டு தாண்டிய நாணயம் தொல்பொருள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. புதையலைத் தெரிவிக்காமல் இருந்தாலோ, அடையாளம் தெரியாதபடி உருக்கினாலோ கண்டெடுத்தவர் பங்கை இழப்பார். ஓராண்டு வரை சிறையும் உண்டு. அதற்கு உடந்தையாக இருக்கும் நிலத்துக்காரருக்கு ஆறு மாதம் வரை. டிரைவர் எடுத்தது தெரிந்தும் நீங்கள் வாயை மூடிக்கொண்டால் மாட்டுவது இதில்தான்.

குவாரி? காசு கிடைத்ததாலேயே லீஸ் ரத்தாகாது. அதிகாரிகள் வந்து பார்க்கும்வரை அந்த மூலையில் வேலையை நிறுத்தச் சொல்லலாம். அவர்கள் சொல்லும் முன் நீங்களே நிறுத்துவது நல்லது. இடத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிப்பது தனி நடைமுறை. மத்திய அரசு அறிவிப்பதானால் இரண்டு மாத அவகாசத்தில் உங்கள் ஆட்சேபணையைச் சொல்லலாம். அப்படி அறிவித்துவிட்டால் மட்டும் சுற்றி 100 மீட்டருக்குள் குவாரி நடத்த முடியாது.

நாளைக்கே செய்ய வேண்டியது இது. காசுகளை எண்ணி, எடை போட்டு, இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். கலெக்டருக்கு மனு எழுதுங்கள். நகல் தாசில்தாருக்கும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும். பத்து நாள் தாமதம் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். ஆட்கள் எடுத்ததாக நீங்கள் அறிந்ததையும் எழுதுங்கள். அவர்கள் வீட்டில் போய்ப் பிடுங்க வேண்டாம். வி.ஏ.ஓ. கையில் காசைக் கொடுத்துவிட்டுச் சும்மா திரும்பாதீர்கள். எத்தனை காசு, எவ்வளவு எடை என்று எழுதிய ரசீது கைக்கு வந்த பிறகே காசு உங்கள் கையை விட்டுப் போக வேண்டும்.