ஒதுக்கி வைத்த பாட்டுகள்: வாசகர் கேள்வி - பதில்

ஆல்பத்தில் இடம் கிடைக்காத பாட்டுகளை இண்டி ராக் குழுக்கள் தனித் தொகுப்பாக வெளியிடுவது பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

கே: ஆர்.ஈ.எம். குழுவின் ‘டெட் லெட்டர் ஆஃபீஸ்’ தொகுப்பில் ‘வாய்ஸ் ஆஃப் ஹெரால்டு’ கேட்டேன். இசை அப்படியே ‘ரெக்கனிங்’ ஆல்பத்தின் ‘செவன் சைனீஸ் பிரதர்ஸ்’. வார்த்தைகள் மட்டும் சம்பந்தமே இல்லாமல் இருக்கின்றன. அச்சடித்ததில் கோளாறா?

ப: கோளாறு இல்லை, இரண்டுக்கும் ஒரே பின்னணிப் பதிவு. வட கரோலினாவின் சார்லட் நகரில் ‘ரெக்கனிங்’ (1984) பதிவானபோது, இந்தப் பாட்டுக்குப் பாடகர் மைக்கேல் ஸ்டைப்பின் குரல் எழும்பவே இல்லை. தயாரிப்பாளர் டான் டிக்சன் ஸ்டுடியோவில் கிடந்த ஒரு கிறிஸ்தவ பக்திப் பாடல் இசைத்தட்டை எடுத்துக் கொடுத்தார். அதன் பின்னட்டையில் இருந்த அறிமுக வாசகங்களை, பாராட்டு, பெயர்ப் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்து, ஸ்டைப் அந்த மெட்டில் பாடித் தள்ளிவிட்டார். தொண்டை திறந்துகொண்டது. அதன்பிறகுதான் உண்மையான வரிகள் வந்தன. வீணாகப் போகாமல் அது ஒரு சிங்கிளின் (ஒரு பாட்டை முன்னிறுத்தி வரும் சிறு இசைத்தட்டு) மறுபக்கத்தில் ஏறி, 1987-இல் இந்தத் தொகுப்புக்கும் வந்து சேர்ந்தது.

இந்தத் தொகுப்புகளில் வரும் சரக்கு நாலு வகை. சிங்கிளின் மறுபக்கத்தை நிரப்பப் பதிவு செய்தது பி-சைடு. ஆல்பத்துக்காகப் பதிவாகி வெட்டுப்பட்டது அவுட்டேக். ஸ்டுடியோவுக்குப் போகுமுன் பாட்டின் எலும்புக்கூட்டைப் பிடித்து வைத்தது டெமோ. வானொலிக்காக வாசித்தது செஷன். ‘டெட் லெட்டர் ஆஃபீஸ்’ அட்டையில் குழுவின் கிட்டாரிஸ்ட் பீட்டர் பக் எழுதிய குறிப்புகளை முதலில் படித்துவிடுங்கள். பழைய சாமான் கடையில் துழாவுகிற மாதிரி கேளுங்கள் என்கிறார், பல பாட்டுகளைத் தானே கேலியும் செய்கிறார். குறுந்தகடாக வாங்கினால் 1982-இல் வந்த ‘க்ரானிக் டவுன்’ என்ற இ.பி.யின் (ஆல்பத்தைவிடச் சிறிய வெளியீடு) 5 பாட்டுகளும் சேர்ந்தே வரும். சொல்லப்போனால் அந்த ஐந்துதான் தொகுப்பிலேயே உருப்படியானவை.

கே: ‘சூட்கேஸ்’ என்ற நாலு குறுந்தகடு தொகுப்பில் 100 பாட்டுக்கு 100 குழுக்களின் பெயர் போட்டிருக்கிறது. கடைக்காரரோ ஒரே குழு என்கிறார். எது சரி?

ப: கடைக்காரர் சொன்னது சரி. ஓஹாயோ மாநிலம் டேட்டனைச் சேர்ந்த கைடட் பை வாய்சஸ் 2000-இல் வெளியிட்டது அது. பாடகர் ராபர்ட் பொல்லார்ட் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இல்லாத குழுக்களுக்குப் பெயர் வைத்து அட்டைப்படம் செய்வது அவருக்குச் சிறுவயதுப் பழக்கம். வருடக்கணக்கில் கேசட்டுகளை நிஜமாகவே ஒரு பெட்டியில் போட்டு வைத்திருந்தார். அதிலிருந்து பொறுக்கிய ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கற்பனைக் குழுவின் பெயரை மாட்டிவிட்டார். 2005, 2009, 2015-இல் இதேபோல நூறு நூறாக இன்னும் மூன்று பெட்டிகள் வந்தன.

நூறையும் ஒரே மூச்சில் கேட்க உட்காராதீர்கள், இருபதாவது பாட்டிலேயே காது மரத்துவிடும். இதிலிருந்து சுருக்கி ‘ப்ரீஃப்கேஸ்’ என்று ஒரே இசைத்தட்டாகவும் வந்தது. அதில் தொடங்குங்கள். அதற்கும் முன்னால் ‘பீ தௌசண்ட்’ (1994), ‘ஏலியன் லேன்ஸ்’ (1995) இரண்டும் பழகியிருக்க வேண்டும். எது தேறியது என்று தெரியாமல், ஒதுக்கியதைக் கேட்டு என்ன புரியப் போகிறது?

கே: அதே ‘பீ தௌசண்ட்’டில் முதல் பாட்டின் நடுவே கிட்டார் திடீரென்று காணாமல் போய்த் திரும்பி வருகிறது. இரண்டு செயலிகளில் கேட்டும் அப்படித்தான். முழுக்க ஒரே இரைச்சல் வேறு.

ப: மூலப் பதிவிலேயே அப்படித்தான். கிட்டார் பதிவான ட்ராக் (டேப்பில் தனித்தனியாகப் பதிவாகும் தடங்களில் ஒன்று) சில நொடி விட்டுப்போனது, அவர்கள் திருத்தாமல் விட்டுவிட்டார்கள். இந்தக் குழுவுக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

இரைச்சலுக்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. அந்தக் காலப் பெரிய ஸ்டுடியோவில் 24 ட்ராக்கும் 50.8 மி.மீ. அகல டேப்பில், விநாடிக்கு 38 அல்லது 76 செ.மீ. வேகத்தில் ஓடும். இவர்கள் வீட்டில் பயன்படுத்திய நாலு ட்ராக் மெஷினிலோ கேசட் டேப்பின் மொத்த அகலமே 3.81 மி.மீ., அதில் ஒரு ட்ராக்குக்குக் கிடைப்பது சுமார் 0.6 மி.மீ. வேகம் 4.76 செ.மீ.; சில மெஷின்களில் அதன் இரட்டிப்பு. டேப்பின் பரப்பு சுருங்கச் சுருங்க இரைச்சல் தூக்கலாகத் தெரியும். இதன்மேல் ‘பௌன்ஸ்’ வேறு. மூன்று ட்ராக்கில் வாசித்ததை நாலாவதில் கலந்து இறக்கி, அந்த மூன்றையும் காலி செய்து மறுபடி வாசிப்பார்கள். ஒவ்வொரு இறக்கலுக்கும் இரைச்சல் ஏறும், சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) ஓசை மங்கும். டிரம்ஸ் மட்டும் போர்வைக்குள்ளிருந்து கேட்டால், அது முதலில் பதிவாகி இரண்டு மூன்று முறை இறங்கிய ட்ராக் என்று புரிந்துகொள்ளலாம். ஈக்வலைசரில் ட்ரெபிளைத் திருகாதீர்கள், இரைச்சல்தான் முன்னால் வரும்.

கே: தி ஸ்மித்ஸ் குழுவின் ‘ஹேட்ஃபுல் ஆஃப் ஹாலோ’, ‘தி வேர்ல்டு வோன்ட் லிசன்’, ‘லௌடர் தேன் பாம்ப்ஸ்’ மூன்றிலும் ஒரே பாட்டுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எதை வாங்குவது?

ப: முதலாவதும் மூன்றாவதும். ‘லௌடர் தேன் பாம்ப்ஸ்’ (1987) அமெரிக்கச் சந்தைக்காகத் தொகுத்தது, 24 பாட்டு. நடுவிலுள்ளது அதே ஆண்டு பிரிட்டனுக்காக வந்தது, பெரும்பகுதி மூன்றாவதிலும் இருக்கிறது. 1984-இன் ‘ஹேட்ஃபுல்’ மட்டும் வேறு ரகம். பி.பி.சி. வானொலியில் ஜான் பீல், டேவிட் ஜென்சன் நிகழ்ச்சிகளுக்கு வாசித்த செஷன்கள்தான் அதன் உயிர். பீல் செஷன் என்றால் ஒரே நாளில் நாலு பாட்டு, கலவை உட்பட. மெருகேற்ற நேரமே இராது. அதனாலேயே பல பாட்டுகள் முதல் ஆல்பத்தில் இருப்பதைவிடத் துடிப்பாக இருக்கின்றன. ‘ஸ்டில் இல்’ பாட்டை இரண்டிலும் போட்டுப் பாருங்கள். செஷனில் மவுத் ஆர்கனோடு தொடங்கும், ஆல்பத்தில் அது இல்லை. ‘ஹவ் சூன் இஸ் நௌ?’ முதலில் ஒரு 12 அங்குல சிங்கிளின் மறுபக்கமாக வந்ததுதான்; அதுவும் ‘ஹேட்ஃபுல்’லில் இருக்கிறது.

கே: 1990-களில் எங்கள் கல்லூரி பேண்ட் நாலு ட்ராக் கேசட் மெஷினில் பதிவு செய்தது. மெஷின் இப்போது இல்லை. சாதாரண டெக்கில் போட்டால் ஒரு பக்கம் பேய் குரல், மறுபக்கம் தலைகீழ். கேசட் போய்விட்டதா?

ப: போகவில்லை. சாதாரண டெக் இரண்டு ட்ராக்கை ஒரு பக்கத்திலும் மற்ற இரண்டைத் திருப்பிப் போட்ட பக்கத்திலும் படிக்கும். நாலு ட்ராக் மெஷினோ நாலையும் ஒரே திசையில் எழுதும். அதனால்தான் பி பக்கம் பின்னோக்கி ஓடுகிறது. குரல் ஒரு ஸ்தாயி இறங்கியிருந்தால் பதிவு இரட்டை வேகத்தில் நடந்திருக்கிறது.

டெக்கில் போடுமுன் பதிவுத் தடுப்புத் தகடு இரண்டையும் உடைத்துவிடுங்கள். கேசட் வாயில் சிறிய பஞ்சுத் திண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்திருந்தால் ஒலி மங்கி அலையும். டேப்பைத் திருகாணி வைத்த வேறு கூட்டுக்கு மாற்ற வேண்டும். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூசணம் தெரிந்தால் ஓட்டவே கூடாது. ஓடினால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். பூசணம் இல்லையென்றால் ஒருமுறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றித் தளர்த்துங்கள். ஹெட்டை 99% ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைக்கலாம். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், வறண்டு வெடிக்கும்; மென்மையான சோப்புத் தண்ணீர் போதும். டேப்பை ஓவனில் சூடேற்றச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். அது 1970, 80-களின் சில ரீல் டேப்புகளுக்கான வைத்தியம், கேசட்டுக்கு அல்ல.

நல்ல வழி, நாலு தனித்தனி அவுட்புட் உள்ள போர்ட்டாஸ்டுடியோ (நாலு ட்ராக் கேசட் மெஷின்) ஒன்றை இரவல் வாங்கி, ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் நாலு உள்ளீட்டு ஆடியோ இன்டர்ஃபேஸில் ஒரே ஓட்டத்தில் ஏற்றுவது. 24 பிட், உச்சம் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். பழைய மெஷினில் டிபிஎக்ஸ் என்ற இரைச்சல் குறைப்பு வசதியைப் போட்டிருந்தால் இதிலும் அது வேண்டும். இல்லாவிட்டால் ஒலி கூர்மையாகக் குத்தும், இரைச்சல் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும். அதைக் கணினியில் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. ஹெட்டின் சாய்வை மாற்றும், அதன் பக்கத்திலுள்ள அசிமத் திருகாணியை மிகக் கொஞ்சமாகத் திருப்பி, ஒலி அதிகக் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். முதலில் இருந்த நிலையை மார்க்கரில் குறித்துக்கொள்ளுங்கள்.

மெஷின் கிடைக்காவிட்டால், சாதாரண டெக்கில் இரு பக்கத்தையும் தனித்தனியே ஏற்றி, ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் பி பக்கத்துக்கு ‘ரிவர்ஸ்’ கொடுங்கள். தேவையானால் இரண்டுக்கும் வேகத்தை இரட்டிப்பாக்குங்கள். டிரம்மரின் தொடக்கக் குச்சித் தட்டலை வைத்துப் பொருத்தலாம், ஆனால் நெடுநேரம் பொருந்தியிராது. வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே 3 நிமிடப் பாட்டின் முடிவில் 0.18 விநாடி விலகிவிடும். 15, 20 விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றாக இழுத்துப் பொருத்த வேண்டும்.

வேகம் சரியா என்று பார்க்க ஒரு நல்ல தந்திரம் உண்டு. பதிவில் கலந்துவிடும் நம் மின்சாரத்தின் முனகல் 50 ஹெர்ட்ஸ். பதிவில் அமைதியான இடத்தை ஸ்பெக்ட்ரம் (அதிர்வெண் வரைபடம்) போட்டுப் பாருங்கள். முனகல் 47-இல் நின்றால் டேப் மெதுவாக ஓடுகிறது. வேகத்தை 50/47 மடங்காக்குங்கள். ஆனால் ஓட்டுகிற டெக்கும் தன் பங்குக்கு முனகலாம். அது டேப் ஓடாதபோதும் கேட்கும், அதை வைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

கே: பேவ்மென்ட் குழுவின் ‘ஸ்லான்டட் அண்ட் என்சான்டட்’ 10-ஆம் ஆண்டுப் பதிப்பில் 48 பாட்டு. மூல ஆல்பம் எங்கே முடிகிறது?

ப: முதல் குறுந்தகட்டின் 14-ஆவது பாட்டோடு. அங்கே நிறுத்திப் பழகுங்கள், ஷஃபிள் வேண்டாம். மிச்சத்தில் பீல் செஷன்களையும் ‘வாட்டரி, டொமஸ்டிக்’ இ.பி.யையும் தவறவிடாதீர்கள். அடுத்த ஆல்பத்தின் 2004-ஆம் ஆண்டுப் பதிப்பு இன்னும் சுவாரசியமானது. டிரம்மர் கேரி யங் விலகுமுன் பதிவான ‘ரேஞ்ச் லைஃப்’, ‘ஸ்டாப் பிரீதிங்’ ஆகியவற்றின் முதல் முயற்சிகள் அதில் இருக்கின்றன. அவர் தாளத்தைத் தளர விட்டு வாசிப்பதும், பின்னால் வந்த ஸ்டீவ் வெஸ்ட் கட்டிப் பிடிப்பதும் நன்றாகத் தெரியும்.

கே: எங்கள் குழுவும் மிச்சப் பாட்டுகளைத் தொகுக்கப் போகிறது. ஸ்டுடியோ, கேசட், செல்பேசி என்று மூன்று விதப் பதிவு. எப்படி ஒட்ட வைப்பது?

ப: ஒலியளவை முதலில் காதால் சமன் செய்யுங்கள். குரலின் அளவை வைத்துப் பொருத்தினால் பெரும்பாலும் சரிவரும். இரைச்சல் நீக்கியை 6 டெசிபெல்லுக்கு மேல் தள்ளாதீர்கள். தள்ளினால் சிம்பல் தண்ணீருக்குள் உடைவது போல் ஆகும். கேசட் பாட்டு முடிந்ததும் சட்டென்று நிசப்தம் விழுந்தால் காது அதையே கவனிக்கும். இரைச்சலை 1, 2 விநாடி தங்கவிட்டு மெல்லக் குறையுங்கள். ஒரே மாதிரிப் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஒன்றுவிட்டு ஒன்று கலந்தால் பாட்டுக்குப் பாட்டு திடுக்கிட வைக்கும். இசைத்தட்டாக அடிப்பதென்றால் பக்கத்துக்கு 20 நிமிடம் சுமாரில் நிறுத்துங்கள், அதற்கு மேல் போனால் சத்தத்தைக் குறைத்துத்தான் வெட்டுவார்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் வருடம், இடம், எந்த மெஷின், யார் வாசித்தது என்று குறித்து அட்டையில் போடுங்கள். இந்த மாதிரித் தொகுப்பை வாங்குகிறவர் அதைத்தான் முதலில் படிப்பார். வேறு குழுவின் பாட்டை வாசித்திருந்தால் அதன் உரிமையாளரிடம் உரிமம் வாங்க வேண்டும். விலகிப்போன உறுப்பினர்களிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். அச்சுக்குக் கொடுத்த பிறகு ஒரு பாட்டை எடுக்கச் சொன்னால் மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் செப்பனிடல்), அட்டை இரண்டையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.