கேள்வி பதில்: அது டவாலி!

கேள்வி: கலெக்டருக்கு முன்னால் வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாகப் போகிறவர், மார்பில் குறுக்காக ஒரு சிவப்புப் பட்டை போட்டிருக்கிறாரே, எதற்கு?
– வாசகர், திருவாரூர்

அதன் பெயர் டவாலி. கோர்ட்டில் நம் பெயரை மூன்று தரம் கூப்பிடுகிறவரையே ‘டவாலி’ என்று சொல்லும் அளவுக்குப் பட்டையின் பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘துவால்’ என்றால் பாரசீகத்தில் தோல் வார். நீங்கள் பார்த்தவர் தபேதார். குதிரைப்படையில் அது ஹவில்தாருக்குச் சமமான பதவி. படையில் இப்படிக் குறுக்கே போடும் வாரில் வாள் தொங்கும். ஆபீசில் வாளுக்கு வேலை இல்லையே, பித்தளை வில்லைதான். வில்லையில் ஆள் பெயர் இருக்காது, ஆபீஸ் பெயர்தான். விஷயமே அதில்தான் இருக்கிறது.

என் பெரிய மாமா தபேதார். ஞாயிற்றுக்கிழமை காலையில் புளியும் அடுப்புச் சாம்பலும் வைத்து வில்லையைத் தேய்ப்பார். எழுத்துப் பள்ளத்தில் புளி தங்கினால் களிம்பு ஏறிவிடும் என்று ஈர்க்குச்சியால் ஒவ்வோர் எழுத்தாகக் குடைந்தெடுப்பார். எட்டு வயதில் ஒருநாள் டவாலியை மாட்டிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். வில்லை முழங்காலில் இடித்தது. துரத்திப் பிடித்து முதுகில் ஒன்று வைத்தார். “என்னுதுன்னா போட்டுக்கடா. இது சர்க்காருது.”

ரிட்டயர் ஆன அன்று டவாலியை மடித்து ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். கோட்டு மட்டும் வீட்டுக்கு வந்தது. அதை அத்தை கரித்துணியாகக் கிழித்தது தனிக் கதை.

கேள்வி: கோயிலில் தலையில் கட்டும் பரிவட்டமும் இதே ரகம்தானா?
– வாசகி, காரைக்குடி

இல்லை அம்மா. பரிவட்டம் சாமிக்குச் சாத்திய துணி. குருக்கள் அதை எடுத்துக் கட்டும்போது, கட்டிக்கொள்கிறவருக்குத்தான் மரியாதை. டவாலியில் மரியாதை, போட்டிருப்பவருக்குப் பின்னால் நடந்து வருகிறவருக்கு. மாமாவுக்கு யாரும் வணக்கம் வைத்துப் பார்த்ததில்லை. அவரைத் தாண்டித்தான் கும்பிடுவார்கள். பரிவட்டமோ, ஐந்து நிமிடத்தில் அவிழ்த்துவிடும் ஒரு முழத் துணி. முதலில் யார் தலைக்கு என்று ஊர் இரண்டுபட்டு, கோர்ட்டு வரைக்கும் போனதுண்டு. அங்கே வாசலில் நின்று இரண்டு கட்சிக்காரர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது டவாலிதான்.